நஞ்சும் துணிவும்: பெகுலா கதையும் திருமருகல் நிகழ்ச்சியும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றுவதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. பெருமிதத்திற்கு அது கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. இவ்விரு வரையறைகளையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஓர் இடைவெளி புலப்படும். அணங்காகிய தெய்வம் அச்சத்தின் நிரலில் முதலாவதாக நிற்கிறது. தறுகணாகிய அஞ்சாமை மாந்தனின் சொந்த ஆற்றலாகப் பெருமிதத்தின் நிரலில் நிற்கிறது. தெய்வத்தைச் சார்தலினாலேயே ஒருவனுக்கு அஞ்சாமை வாய்க்கக்கூடும் என்னும் கருத்து அவ்வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. அவ்விடத்தை நிரப்பியது பக்தி இலக்கியம். நாவுக்கரசர் வரலாற்றில் வரும் பல்லவ வேந்தனும் கொலையானையும் மேற்காட்டிய நான்கனுள் இரண்டாகிய இறையும் விலங்கும் ஆதல் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆயினும் பழைய அச்ச நிலைக்களன்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு கடக்கும் ஒரு புதிய தறுகண்மை அங்கே உருவாகிறது என்பது தெளிவு.

இத்தகைய தறுகண்மையை ஆராய்வோர் பெரும்பாலும் அற்புதத்திலிருந்து தொடங்குகின்றனர். கல் மிதந்தது, யானை வணங்கியது, நஞ்சு அமுதாயிற்று. ஆதலின் அடியார் அஞ்சவில்லை என்று அவர்கள் காரண காரியத்தை அமைத்துக்கொள்கின்றனர். பாடல்களின் அமைப்போ இதற்கு மாறானது. திருவதிகைப் பதிகத்தில் அஞ்சுவதற்கு யாதொன்றும் இல்லை என்னும் முழக்கம் எழும்போது யானை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மறுமாற்றத் திருத்தாண்டகம் அரசனின் ஆணையை மறுக்கும்போது நீற்றறையும் நஞ்சும் கடலும் இனிமேல்தான் வரவிருக்கின்றன. துணிவு முந்தையது, மீட்பு பிந்தையது. அவ்வாறாயின் மீட்பு வாராதவிடத்து அத்துணிவு என்னாகும் என்னும் வினா எழுகிறது. திருமுறை வரலாறுகளில் இவ்வினாவிற்கு இடமில்லை. அங்கே மீட்பு தவறாமல் வந்துவிடுகிறது. வங்க மொழியின் மனசா மங்கள காவியங்கள் இவ்வினாவை விரிவாக எழுப்புகின்றன. அவற்றின் தலைவி பெகுலா. கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலா என்னும் ஊரின் பெயரோடு அவள் பெயரை இணைத்துக் கூறும் வழக்கு ஒன்று உண்டு.

பெஹாலாவும் கதையின் வழியும்

பெஹாலா இன்று கொல்கத்தா மாநகராட்சியின் ஒரு பகுதி. டைமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் நெருக்கமாக வீடுகள் எழுந்துள்ள இவ்விடம் முன்னர்ப் பல சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. அவற்றுள் பரிஷா வரலாற்றில் பெயர் பெற்றது. சுதாநூதி, களிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் உரிமையைச் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்றது 1698ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள். அக்குடும்பத்தின் இருப்பிடம் பரிஷா.

ஊர்ப்பெயருக்கு இருவகை விளக்கம் கூறப்படுகிறது. பெகுலாவின் பெயரே திரிந்து பெஹாலா ஆயிற்று என்பர் ஒரு சாரார். சண்டி தேவியின் பெயர்களுள் ஒன்றாகிய பகுளா என்பதிலிருந்து பிறந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டனுள் எதுவும் மொழியியல் அடிப்படையில் முற்ற நிறுவப்பட்டதன்று. ஆயினும் இவ்விரு விளக்கங்களும் காவியத்தின் உட்பகையையே எதிரொலிக்கின்றமை சுவைக்கத்தக்கது. மங்கள காவிய மரபில் மனசா சிவனின் மகள். சண்டி சிவனின் மனைவி. மாற்றாந்தாயாகிய சண்டியால் மனசா ஒரு கண்ணை இழந்தாள் என்பது கதை. மனசாவை வணங்க மறுக்கும் வணிகனைச் சிவன், சண்டி ஆகிய இருவர்க்கும் அடியவனாகப் பல பாடங்கள் காட்டுகின்றன. பரிஷாவில் சண்டி மேளா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆக, ஊர்ப்பெயரைப் பற்றிய சொல்லாடலில்கூடச் சண்டியின் பக்கமும் பெகுலாவின் பக்கமும் எதிரெதிரே நிற்கின்றன.

நில அமைப்பும் கதைக்குத் துணை செய்கிறது. பெஹாலாவிற்குக் கிழக்கே ஓடுவது ஆதிகங்கை. கங்கையின் பழைய போக்கு அதுவே. 18ஆம் நூற்றாண்டில் டோலி என்னும் ஆங்கிலேயர் அதனைத் தூர்வாரிக் கால்வாயாக்கியதால் டோலி நாலா என்றும் வழங்குகிறது. 1495இல் இயற்றப்பட்டதாகக் கூறப்படும் விப்ரதாஸ் பிப்பிலாயின் மனசா விஜயம் வணிகனின் கடற்பயணத்தை விரித்துரைக்குமிடத்துக் காளிகாட், பாருய்ப்பூர், சத்ரபோக் முதலிய ஊர்களை நிரல்பட மொழிகிறது. இவ்வூர்ப்பட்டியலில் பிற்காலச் செருகல்கள் உண்டு என்று அறிஞர் கருதுவர். செருகல் என்றே கொண்டாலும், பாடியவரும் படியெடுத்தவரும் தத்தம் ஆற்றங்கரையைக் கதைக்குள் கொண்டுவர விழைந்தனர் என்பதற்கு அது சான்றாகும்.

இந்நிலத்தில் பாம்பு உருவகம் அன்று. மழைக்காலத்தில் வளைகள் நீரில் மூழ்க, பாம்புகள் மேட்டு நிலத்தையும் வீட்டுத் தரையையும் நாடி வரும். சிராவண மாதத்தில் மனசா வழிபாடு சிறப்புறுவதற்கு இதுவே காரணம். 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனர் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இன்றைய நிலையே இதுவாயின் 15ஆம் நூற்றாண்டின் சிற்றூர்ப் பெண்ணுக்கு அரவம் எத்தகைய அச்சமாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துணரலாம். அணங்கு, விலங்கு என்று தொல்காப்பியம் பிரித்துக் கூறும் இரண்டும் மனசாவிடம் ஒன்றாகி நிற்கின்றன.

மீட்கப்படாத அடியவன்

மனசா கதையை விஜய குப்தர், விப்ரதாஸ் பிப்பிலாய், நாராயண தேவர், கேதகாதாஸ் க்ஷேமானந்தர் எனப் பலர் பாடியுள்ளனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு நூற்றாண்டுக் கணக்கில் பாடப்பெற்று வந்தமையால் பாடத்துக்குப் பாடம் நிகழ்ச்சிகள் வேறுபடுகின்றன. பொதுவான கதை இது: சம்பக நகரத்துப் பெருவணிகன் சாந்த். அவன் மலரிட்டு வணங்கினாலன்றி மனசாவிற்கு மண்ணுலகில் வழிபாடு இல்லை. சிவனை வணங்கிய கையால் அவளை வணங்க மாட்டேன் என்று அவன் மறுக்கிறான். அவனது சோலை அழிகிறது. நஞ்சு தீர்க்கும் அறிவு அவனிடமிருந்து கவரப்படுகிறது. நஞ்சு முறிக்க வல்ல நண்பன் சாகிறான். ஆறு மைந்தர் அடுத்தடுத்து மாள்கின்றனர். சில பாடங்களில் ஏழு, சிலவற்றில் பதினான்கு எனக் கூறப்படும் மரக்கலங்கள் கடலில் மூழ்குகின்றன. கந்தலுடுத்திக் கரையேறிய வணிகன் பிச்சையேற்று ஊர் திரும்புகிறான். மனைவி சனகா மறைவில் வழிபட்ட மனசாவின் கலசத்தைக் கோலால் உடைத்தெறிவதும் அவனே.

நாவுக்கரசர் வரலாற்றோடு இதனை ஒப்பிடுங்கால் ஒற்றுமை எளிதில் புலப்படும். இருவரும் சிவனுக்கே ஆட்பட்டோர். இருவரும் வேறொரு பேராற்றலுக்குப் பணிய மறுப்போர். இருவரும் கடலில் வீழ்வோர். வேற்றுமை கடலிலேயே தொடங்குகிறது. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறுகிறார், கல்லே தெப்பமாகிறது. சாந்தின் கலங்களை மூழ்காமல் காக்கச் சிவன் முன்வரவில்லை. துன்புறுத்துபவள் சிவனின் மகள், துன்புறுபவன் சிவனின் அடியவன், சிவன் வாளாவிருக்கிறான். மங்கள காவியத்தின் கடுமை முழுவதும் இம்மௌனத்தில் அடங்கியுள்ளது. மகளின் வேட்கையும் அடியவனின் உறுதியும் ஒன்றையொன்று முறிக்க, தந்தையும் தலைவனுமாகிய தெய்வம் எப்பக்கமும் பேசாதிருத்தலைத் தமிழ்ச் சைவ மரபு எளிதில் ஏற்றுக்கொண்டிருக்காது.

இருந்தும் சாந்த் வளையவில்லை. ஏழாவது மைந்தன் லக்கிந்தரும் மணநாள் இரவில் இறந்துபட்டபோது, சில பாடங்களில் அவன் கோலைத் தோளிலேந்தி ஆடுகிறான். இனி இழப்பதற்கு மைந்தர் இல்லை, ஆகவே அவளோடு இருந்த வழக்கும் தீர்ந்தது என்கிறான். இதனைத் துணிவு என்பதா, துயரத்தால் நேர்ந்த பிறழ்ச்சி என்பதா? பாடியவர்கள் இரண்டையும் பிரிக்கவில்லை. வங்க மேடைக்கலையின் பெருமகன் சம்பு மித்ரா இவ்வணிகனைத் தலைவனாகக் கொண்டு சாந்த் பணிகேர் பாலா என்னும் நாடகத்தை இயற்றியதும் இம்முறிவின் கவர்ச்சியாலேயே என்று தோன்றுகிறது. மீட்பு வாராத நம்பிக்கை ஆடவனிடம் இறுகிப்போகிறது. தான் வணங்கும் தெய்வத்திடம் எதுவும் கேளாமல், வணங்காத தெய்வத்திடம் எதுவும் தாராமல், நடுவில் உறைந்து நிற்கிறது. கதையை மேலே நகர்த்துவதற்கு வேறொரு வகையான நம்பிக்கை தேவைப்படுகிறது. அது மருமகளிடமிருந்து வருகிறது.

தெப்பம்

லக்கிந்தருக்கு மணநாள் இரவில் பாம்பால் சாவு என்பது முன்னரே அறியப்பட்டது. ஆதலின் சாந்த் இரும்பால் ஓர் அறை அமைக்கிறான். அதைச் சமைத்தவன் மனசாவிற்கு அஞ்சி ஒரு நுண்துளை விட்டுவைக்கிறான். காளநாகினி அவ்வழியே நுழைந்து தீண்டுகிறாள். அரவு தீண்டி மாண்டவரை எரிக்காமல் வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஆற்றில் விடுவது வழக்கம். உயிர் எங்கேனும் மீளக்கூடும் என்னும் எண்ணமே அவ்வழக்கின் அடிப்படை. பெகுலா அத்தெப்பத்தில் பிணத்தோடு ஏறி அமர்கிறாள். எவரும் அவளை ஏவவில்லை, எல்லோரும் தடுக்கின்றனர். ஆற்றங்கரையில் உடன்பிறந்தோர் வந்து அழைக்கின்றனர். அவள் திரும்புவதாயில்லை.

இக்கதையைக் கற்பின் வெற்றி என்று கொள்வதே பொதுவழக்கு. சாவித்திரி, நளாயினி, சந்திரமதி என்னும் நிரலில் பெகுலாவையும் சேர்த்துவிடுவர். இதற்குக் காவியத்தில் சான்றும் உண்டு: மணத்திற்கு முன் சாந்த் அவளுக்கு இரும்புப் பயற்றைக் கொடுத்து வேகவைக்கச் சொல்கிறான்; அவள் வேகவைத்துக் காட்டுகிறாள். கற்பின் ஆற்றலைக் காட்டும் நாட்டார் கதைக்கூறு இது. ஆயினும் கற்பு என்னும் கருத்து தெப்பப் பயணத்தை விளக்கப் போதுமானதன்று. கற்பின் ஆற்றல் உடனே செயற்படும் இயல்பினது. கண்ணகி சினந்தாள், மதுரை எரிந்தது. நளாயினி ஆணையிட்டாள், கதிரவன் எழவில்லை. பெகுலாவின் சொல்லுக்கு அத்தகைய ஆற்றல் ஏதுமில்லை. அவள் நாள்தோறும் காத்திருக்கிறாள். உடல் அழுகுகிறது, நாற்றம் எழுகிறது, சதை உதிர்கிறது, எலும்புகளை ஆற்றுநீரில் கழுவித் துணியில் முடிந்துகொள்கிறாள். வழியில் நரியும் புலியும் வருகின்றன. ஒரு துறையில் கோதா என்னும் யானைக்கால் நோயுற்ற தூண்டிற்காரன் அவளை மணக்க விழைகிறான். ஒரு மீன் முழங்காற் சில்லை விழுங்கிவிடுகிறது. இவற்றுள் எதனையும் அவள் கற்பின் நெருப்பால் எரிக்கவில்லை. இரந்தும் மறுத்தும் ஏமாற்றியும் கடந்து செல்கிறாள்.

கண்ணகியோடு வைத்து நோக்குவது இவ்விடத்து மிகப் பயன்தரும். வெட்டுண்ட கணவனைக் கண்ட கண்ணகி அவ்வூரில் தெய்வமும் உளதோ என வினவுகிறாள். அவ்வினாவில் தெய்வத்தின் இருப்பே ஐயத்திற்குரியதாகிறது. அவளது துணிவு அவ்வையத்திலிருந்தும் சினத்திலிருந்தும் பிறக்கிறது. பெகுலாவுக்கு அவ்வையம் இல்லை. கொன்ற தெய்வம் இன்னதென்று அவளுக்குத் தெரியும். பல பாடங்களில் அவள் இளமை தொட்டு அத்தெய்வத்தையே வழிபட்டு வந்தவள். தன் உயிரனையானைத் தன் தெய்வமே கொன்றது என்னும் நிலையில் அவளுக்கு இருவழிகள் எஞ்சுகின்றன: மாமனைப் போல இறுகிப்போதல், அல்லது கொன்ற தெய்வம் இருக்குமிடம் சென்று கேட்டல். அவள் இரண்டாவதைத் தேர்கிறாள். தெய்வம் அணுகத்தக்கது, வினவத்தக்கது, விடை கூறக் கடப்பாடு உடையது என்னும் நம்பிக்கையே அவளது துணிவிற்கு வேர்.

இதனாலேயே பயணத்தின் முடிவு தேவசபையாக அமைகிறது. நேதா என்னும் தேவலோகத்து வண்ணாத்தி துணி வெளுக்கும் துறையில் தெப்பம் ஒதுங்குகிறது. தொல்லை செய்த தன் குழந்தையை நேதா அடித்துச் சாகச்செய்து, வேலை முடிந்தபின் உயிர்ப்பித்து அழைத்துச் செல்வதைப் பெகுலா காண்கிறாள். வழி அதுவே என்று அவள் உணர்கிறாள். காவியத்தின் மிக நுட்பமான இடம் இது எனலாம். உயிரைத் திரும்பக் கொடுக்கும் ஆற்றல் விண்ணில் எங்கோ இல்லை. துறைக்கல்லில் துணி துவைப்பவளின் அன்றாடத்தில் இருக்கிறது. நேதாவின் துணையால் சபை புகுந்த பெகுலா தேவர்முன் ஆடுகிறாள். எலும்பு முடிப்போடு வந்த பெண் அரங்கில் ஆடும் அக்காட்சியை ஜீவனானந்த தாஸும் தம் ரூபசி பங்களாவில் நினைவுகூர்ந்துள்ளார். இதுவரை பேசாதிருந்த சிவன் அப்போது மனசாவை வரவழைக்கிறான். ஒரு வகையில் மகள்மேல் தந்தையின் முன் தொடுக்கப்பட்ட வழக்கு அது.

திருமருகல்

நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று இரண்டாம் திருமுறையில் இந்தளப் பண்ணில் உள்ளது. அதன் சூழலைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். வைப்பூர்த் தாமன் என்னும் வணிகனுக்கு எழுவர் பெண்கள். மூத்தவளை மருகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் பொருள் விருப்பால் வேறொருவனுக்குக் கொடுத்தான். இவ்வாறே அறுவரையும் பிறர்க்கு மணஞ்செய்வித்தான். ஏழாமவள் மாமன் வீட்டில் ஏமாற்றமுற்று நின்றவன்மேல் இரங்கி அன்பு கொண்டு, பெற்றோர் அறியாமல் அவனோடு புறப்பட்டாள். வழியில் திருமருகலில் இரவு தங்கியபோது அவனை அரவு தீண்டிற்று. மணமாகாமையின் அவள் அவன் உடலைத் தீண்டவும் இல்லை. பெருமானை அழைத்துப் புலம்பினாள். ஒலி கேட்டு வந்த சம்பந்தர் பதிகம் பாட, அவன் எழுந்தான்.

இரு கதைகளும் வணிகக் குடியைச் சார்ந்தவை. இரண்டிலும் இறப்பவன் மணக்கோலத்தின் விளிம்பில் நிற்பவன். இரண்டிலும் நஞ்சு சிவனோடு உறவுடையது. ஒன்று மற்றொன்றைத் தழுவியது என்று கூற வாய்ப்பில்லை. காலமும் மொழியும் இடமும் வேறு. பொதுமை வேறொன்றில் உள்ளது. சேக்கிழார் அப்பெண்ணின் வாயில் வைக்கும் சொற்களை நோக்குக. தேவர் துயர்தீர நஞ்சுண்டமை, எரிந்த காமனின் உயிரை இரதி வேண்ட அளித்தமை, காலனிடமிருந்து சிறுவனாகிய மார்க்கண்டனைக் காத்தமை ஆகியவற்றை எடுத்துரைத்து, அத்தகையவன் தன் துயரைத் தீர்க்க வேண்டும் என்கிறாள். முன்நிகழ்ந்த தீர்ப்புகளைச் சான்று காட்டி வாதிடும் வழக்குரையின் அமைப்பே இது. அவற்றுள்ளும் இரதியைச் சுட்டியது மிகப் பொருத்தமானது; கணவனை இழந்து கேட்டுப் பெற்ற பெண் அவளே. பெகுலாவும் லக்கிந்தரும் முற்பிறப்பில் உஷையும் அநிருத்தனும் என்பது மங்கள காவிய மரபு. அநிருத்தனோ காமனின் மறுபிறப்பாகிய பிரத்தியும்நனின் மகன். இரதியின் நிழல் இரு கதைகளின் மேலும் படிந்துள்ளது போலும்.

பதிகத்தைத் தனித்து நோக்கினால் ஒரு சிக்கல் உண்டு. அதில் அரவு தீண்டிய செய்தி இல்லை. பெருமான்மேல் காதலுற்று வாடும் ஒரு பெண்ணின் நிலையைக் கண்டு, இவளை இவ்வாறு வாடவிடுதல் முறைதானோ என்று மற்றொருவர் இறைவனைக் கேட்கும் அகத்துறை அமைப்பே அங்குள்ளது. எனவே அரவு நிகழ்ச்சி பதிகத்திற்குப் புறத்தே வழங்கிய வரலாறு என்று கொள்வோர் உளர். அவ்வாறே கொண்டாலும் சேக்கிழாரின் தேர்வு பிழைபட்டதன்று. பாடல்தோறும் இறைவனை நோக்கித் தகுதி வினவும் பதிகமாதலின், பிரிவால் வாடும் காதலியும் பிணத்தின் அருகே நிற்கும் பெண்ணும் ஒரே வினாவைக் கேட்கின்றனர் என்பதை அவர் கண்டுகொண்டார். உரிமையோடு கேட்கும் குரல் பதிகத்தில் முன்னரே இருந்தது. சேக்கிழார் அதற்கு உடலும் இரவும் பாம்பும் கொடுத்தார்.

வேற்றுமைகளுள் ஒன்று இன்றியமையாதது. திருமருகற் பெண் நின்ற இடத்தில் நின்று கேட்கிறாள். விடிவதற்குள் விடை வருகிறது. விடை கொண்டுவர ஓர் அடியார் இருக்கிறார். தமிழ் நாட்டின் தலங்கள் நெருங்கியவை. பெருமான் ஊர்தோறும் உறைகிறான். கூப்பிடு தொலைவில் கேட்பவர் உண்டு. வங்கத்து ஆற்றுப்பெண்ணுக்குத் தலம் இல்லை, சம்பந்தர் இல்லை. கேட்க வேண்டிய தெய்வம் ஆற்றின் மறுமுனையில் இருக்கிறது. ஆதலின் அவளது வேண்டுதல் சொல்லாக இல்லாமல் பயணமாக அமைகிறது. கூறும் மரபுகளின் வேறுபாடு இது. நம்பிக்கையின் ஆழத்தில் ஏற்றத்தாழ்வு காண்பதற்கு இடமில்லை. எனினும் நீண்ட ஆற்றுப்போக்கை உடைமையால் மங்கள காவியம் துணிவின் அன்றாட உழைப்பைக் காட்ட முடிகிறது. எலும்பு கழுவும் பெண்ணின் கைகளைப் போன்ற ஒன்றைத் தமிழ்த் திருத்தொண்டர் வரலாறுகளில் தேடினால் அரிதாகவே கிடைக்கும்.

அவ்வரிய சிலவற்றுள் ஒன்று திங்களூர் அப்பூதியடிகள் வரலாறு. விருந்தாக வந்த நாவுக்கரசருக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்ட, அவன் குருத்தைத் தாயிடம் சேர்ப்பித்து வீழ்கிறான். விருந்து தடைப்படலாகாது என்று பெற்றோர் உடலை மறைக்கின்றனர். மறைத்துவிட்டு இலை பரப்புகின்றனர். அவர்கள் எதனையும் கேட்கவில்லை. மகன் மீள்வான் என்னும் எண்ணத்திற்கும் அங்கே குறிப்பில்லை. படிப்போர்க்கு நடுக்கம் தரும் அமைதி அது. பெகுலாவின் வழியும் இவர்களின் வழியும் ஒன்றல்ல. கேளாத நம்பிக்கை என்னும் வகையில் அப்பூதியடிகளும் சாந்தும் ஒரு பக்கம் நிற்பர். ஆனால் அப்பூதியடிகளிடம் இறுக்கம் இல்லை. உரையாசிரியர்கள் இந்நிகழ்ச்சியில் அடியார் பத்தியை வியந்ததோடு அமைகின்றனர். அந்தத் தாய் இலை பரப்பிய நேரத்தின் கொடுமையை விரிவாகப் பேசினாரில்லை.

இடக்கை

தேவசபையில் மனசா ஒரு நிபந்தனையோடு இசைகிறாள். சாந்த் மலரிட்டு வணங்க வேண்டும். லக்கிந்தரும் அறுவர் அண்ணன்மாரும் மூழ்கிய கலங்களும் திரும்புகின்றன. ஊர் திரும்பிய பெகுலா மாமனிடம் கேட்கிறாள். மைந்தர் எழுவர் சாவிலும் வளையாதவன் மருமகளின் சொல்லுக்கு வளைகிறான்; ஆயினும் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு இடக்கையால் ஒரு மலரை எறிகிறான். வலக்கை சிவனுக்கு உரியது. மனசா அம்மலரை ஏற்றுக்கொள்கிறாள்.

இம்முடிவைச் சமயங்களின் உடன்பாடு என்று விளக்குவது வழக்கம். மேற்குடியினரின் சிவ வழிபாட்டிற்கும் மக்களின் நாக வழிபாட்டிற்கும் இடையே ஏற்பட்ட இணக்கத்தின் பதிவு என்பர். வரலாற்று நோக்கில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்விளக்கம் பெகுலாவை வெறும் தூதுப்பெண்ணாக்கிவிடுகிறது. காவியத்தில் இரு பிடிவாதங்களையும் தளர்த்தியவள் அவளே. வானுலகில் மனசாவைத் தளர்த்தினாள். மண்ணுலகில் சாந்தைத் தளர்த்தினாள். இரண்டிடத்தும் அவள் கைக்கொண்ட கருவி ஒன்றே: சென்று நின்று கேட்டல்.

பெஹாலாவில் இக்கேள்வி ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றைக் காட்டலாம். 2020இல் பெருந்தொற்று முடக்கத்தின்போது நகரங்களில் வேலையிழந்த தொழிலாளர்கள் குழந்தைகளைச் சுமந்துகொண்டு ஊர்நோக்கி நடந்தனர். அவ்வாண்டின் துர்க்கை பூசைக்குப் பரிஷா கிளப் அமைத்த பந்தலில், சிற்பி பல்லவ் பௌமிக் வடித்த படிமம் புலம்பெயர் தொழிலாளியாகிய தாயின் வடிவில் இருந்தது. மேலாடையற்ற குழந்தையை இடுப்பில் ஏந்தி, ஏனைய மக்களையும் உடன்கொண்டு, நிவாரணம் வேண்டி அவள் நடந்து வருகிறாள். அணிகலனும் பத்துக்கைப் படைக்கலனும் அவளிடம் இல்லை. வணங்கப்படும் தெய்வமும் தெய்வத்திடம் கேட்கச் செல்லும் பெண்ணும் ஓருருவில் அமைந்த அப்படிமத்தைச் செய்தோர் பெகுலாவை எண்ணினரோ இல்லையோ, அவ்வூரின் கதைமரபில் அதற்கு முன்னரே ஓரிடம் இருந்தது.

திருமருகலில் உயிர்பெற்ற இளைஞனுக்கும் அப்பெண்ணுக்கும் சம்பந்தரே மணம் முடித்து வாழ அனுப்புகிறார். மங்கள காவியத்தில் அத்தகைய வாழ்வு பெகுலாவுக்கு இல்லை. வழிபாடு நிலைபெற்றதும் அவளும் லக்கிந்தரும் உஷையாகவும் அநிருத்தனாகவும் வானுலகம் மீள்கின்றனர். ஆறு மைந்தரோடும் கரையேறிய கலங்களோடும் சாந்த் சம்பக நகரத்தில் எஞ்சுகிறான். அவர்களை மீட்டுத் தந்தவள் அவ்வீட்டில் இல்லை.